கேத்திப் பள்ளத்தாக்கின் ஞாயிறு வாசகர்கள்

குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் நடுவே, 1908ஆம் ஆண்டு உதகை வரை நீண்ட மலைரயில் பாதையில், கேத்தி நிலையத்தில் இறங்கிக் கீழே நோக்குகிறவர்களுக்கு, காரட்டும் பீட்ரூட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் அடுக்கடுக்கான பாத்திகளும், அவற்றுக்கு மேலே வரிசை வரிசையாக வீடுகள் நிற்கும், படகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளும், சரிவெல்லாம் பரந்த தேயிலையும் ஒரே பார்வையில் அகப்படும். சுற்றுலாப் பிரயாணிகள் இந்தக் காட்சியைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த ரயிலுக்கு விரைந்துவிடுகிறார்கள். நான் எழுத விரும்புவது, அந்த ஹட்டிகளில் பிறந்து, கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்த்து, வெள்ளிக்கிழமை இரவு மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி வந்து, சனி ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் தங்கிப் போகிற இளைஞர்களைப் பற்றி. அவர்களுள்ளும், அந்தச் சொற்ப அவகாசத்தில் ஒரு நாவலைப் படிக்கவும், படித்ததைச் சிநேகிதர்களோடு கூடிப் பேசவும் முனைகிற சிலரைப் பற்றி.

இவர்களில் அநேகர் என்னிடம் சொல்லும் குறை ஒன்றே. வாரத்தில் ஐந்து நாள் கணினித் திரையையே பார்த்த கண்ணுக்குப் புத்தகம் தேவைப்படுகிறது. ஆனால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், வாசலில் வந்து நிற்கும் நண்பன் முகம் வாடுகிறது. நண்பனோடு குன்னூர் வரை போய்வந்தால், நாவல் முந்திய வாரம் நின்ற அத்தியாயத்திலேயே நின்றுவிடுகிறது. வாசிப்பும் நட்பும் ஒன்றன் நேரத்தை மற்றொன்று பறித்துக்கொள்ளும் போட்டியாளர்கள் என்று இவர்கள் எண்ணிவிடுவதுதான் இந்தக் குறைக்கெல்லாம் மூலம் என்பது என் அபிப்பிராயம். நாவல் என்பது தனியே படித்துக் கூடிப் பேசுவதற்கென்றே அமைந்த கலை. பேச்சில்லாத வாசிப்பு பாதி வாசிப்புத்தான்.

இந்த ஓய்வுநாள் யாருக்கும் சும்மா கிடைத்துவிடவில்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்கில் மனுப்போட்டும் கூட்டம் கூட்டியும் போராடிய பின்னரே, 1890ஆம் ஆண்டு ஆலைமுதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தார்கள். மறு ஆண்டு வாரவிடுமுறை தொழிற்சாலைச் சட்டத்திலும் இடம்பெற்றது. தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு என்பதைச் சட்டமாகக் காண 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. சொந்தத்தில் காய்கறி போடும் குடியானவனுக்கோ இன்றைக்கும் அப்படியொரு நாள் வாய்க்கவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் கேத்திப் பாலாடாவில் காரட் கழுவும் இயந்திரங்கள் சனியென்றும் ஞாயிறென்றும் பாராமல் ஓடுகின்றன. மண் போகக் கழுவி, மூட்டை பிடித்து, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றிவிடுகிறார்கள். அந்தச் சத்தம் கேட்கிற அறையிலே, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பேருந்துச் சீட்டைப் பக்க அடையாளமாகச் செருகிய ஒரு நாவலோடு அந்த வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறான் என்றால், தகப்பனுக்கு வாய்க்காத ஓய்வு மகனுக்கு வாய்த்திருக்கிறது என்று பொருள். அதை எப்படிச் செலவிடுவது என்பது அற்பமான கேள்வி அல்ல.

நீலகிரியில் புத்தகத்துக்குப் பஞ்சம் என்றும் இருந்ததில்லை. அதை யார் கையில் எடுக்கலாம் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. உதகையின் நீலகிரி நூலகம் 1859ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. சென்னையில் பல மாளிகைகளை அமைத்த கட்டிடக்கலைஞர் சிஷோமின் திட்டப்படி எழுந்த அதன் செந்நிறக் கட்டிடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஆயினும் அது கோடைக்கு மலையேறிய துரைமார்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உரிய சபையாகவே நெடுங்காலம் விளங்கியது. 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, வீட்டுவரியோடு நூலகவரியும் வசூலாகி, ஊர்தோறும் கிளை நூலகங்கள் வந்த பின்னரே, மலைக்கிராமத்துப் பிள்ளை தன் பெயரில் ஒரு நாவலை வீட்டுக்கு எடுத்துப்போகும் உரிமையைப் பெற்றான்.

நமது பாட்டன்மார் காலத்தில் நாவல் பேச்சுக்கென்று தனிச் சபை கூட்டவேண்டிய அவசியம் இருக்கவில்லை. கல்கி 1950ஆம் ஆண்டு தொடங்கி 1954 வரை பொன்னியின் செல்வனை வாராவாரம் எழுதிவந்தபோது, ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் ஒரே அத்தியாயத்தைப் படித்தது. பத்திரிகை ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கைமாறும்போதே அதைப் பற்றிய சம்பாஷணையும் கைமாறியது. எழுத்தறியாத பாட்டிமார்கள் பேத்திகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அவர்களும் வந்தியத்தேவனுக்காகக் கவலைப்பட்டார்கள். தொடர்கதை வாசகர்களுக்கெல்லாம் ஒரு பொதுவான பஞ்சாங்கத்தை அளித்தது. இன்றோ ஒருவன் ருஷ்ய நாவலில் இருக்கிறான், இன்னொருத்தி மலையாள மொழிபெயர்ப்பில் இருக்கிறாள், மூன்றாமவன் கைப்பேசியில் ஏதோ துப்பறியும் கதையில் இருக்கிறான். மூவரும் சந்தித்தால் விலைவாசியைப் பேசிக் கலைகிறார்கள். தெரிவுகள் பெருகியது நல்லதே. ஆனால் பெருகிய தெரிவுகளுக்கு நடுவே பொதுவான ஒரு புத்தகத்தை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படி ஏற்படுத்திக்கொண்ட ஒரு கூட்டத்தை நான் கேத்திப் பாலாடாவுக்கு மேலேயுள்ள ஒரு வீட்டில், மார்கழி மாதத்து ஞாயிறு ஒன்றின் பிற்பகலில், கூடவே உட்கார்ந்து கேட்டேன். காலையில் பெய்திருந்த உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகியதைப் பற்றிய பேச்சு முதலில் சிறிது நேரம் நடந்தது. வந்திருந்தவர்கள் கோயம்புத்தூரில் மென்பொருள் உத்தியோகத்திலிருக்கும் அந்த வீட்டு இளைஞர், குன்னூரில் வங்கி ஊழியம் பார்க்கும் ஒரு பெண், எல்லநள்ளி ஊசித் தொழிற்சாலையில் வேலைசெய்யும் ஒருவர், அரசுப்பள்ளி ஆசிரியர் ஒருவர். அவர்கள் எடுத்துக்கொண்ட நூல் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’.

1963ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த அந்த நாவல், படகர் வாழ்வைத் தமிழில் விஸ்தாரமாகச் சித்திரித்த படைப்பு. முசிறியில் பிறந்து, இளம் பிராயத்திலேயே மணமாகி, பள்ளிப்படிப்பு அதிகம் வாய்க்காத அந்த அம்மையார், மின்துறைப் பொறியாளரான கணவரோடு நீலகிரியில் வாழ்ந்த காலத்தில், குந்தா நீர்மின் திட்டம் மலையைக் குடைந்து எழுந்துகொண்டிருந்ததை அருகிலிருந்து பார்த்தவர். பின்னாளில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே உலவிக் ‘கரிப்பு மணிகள்’ எழுதியதைப் போலவே, இங்கும் மக்களிடையே பழகிய பின்னரே பேனாவை எடுத்தார். ஜோகி என்னும் சிறுவனில் தொடங்கி, பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதையே காலக்கணக்காகக் கொண்டு நகரும் அந்தக் கதையில், சாமையும் ராகியும் விளைந்த பூமியில் உருளைக்கிழங்கும் தேயிலையும் புகுவதையும், காசும் படிப்பும் வர வர உறவுகள் பிளப்பதையும், கடைசியில் அணைக்கட்டு வந்து நிற்பதையும் காண்கிறோம்.

விவாதத்தைத் தொடங்கியவர் வீட்டுக்கார இளைஞரே. “எங்க தாத்தா சாமை வயலை அழிச்சுத் தேயிலை நட்டவர். இதைப் படிச்சா அவர் ஏதோ பெரிய பாவம் பண்ணிட்ட மாதிரி இருக்கு” என்றார், சற்றே மனத்தாங்கலோடு.

“பாவம்னு அவங்க எங்கேயும் சொல்லலை அண்ணா” என்றாள் வங்கிப் பெண். “உங்க தாத்தா தேயிலை நட்டதாலதான் நீங்க இன்ஜினியரிங் படிச்சீங்க. அந்தப் பணத்தோட எதெது போச்சுன்னு மட்டும்தான் கேக்குறாங்க.”

ஆசிரியர் பென்சில் கோடிட்ட பக்கங்களைப் புரட்டி, இரு பக்கத்துக்கும் சாதகமான இடங்களை மாறிமாறிப் படித்துக் காட்டினார். 1990களின் இறுதியில் பச்சைத்தேயிலை விலை வீழ்ந்தபோது தம் அண்ணன் தோட்டத்தைக் கைவிட்டுத் திருப்பூருக்கு வேலை தேடிப்போனதை ஊசித் தொழிற்சாலை நண்பர் சொன்னார். இப்படிப் பேச்சு தேயிலையின் நன்மை தீமைகளில் சுழன்றுகொண்டிருந்த சமயம், தேநீரும் ஊட்டி வர்க்கியும் கொண்டுவந்து வைத்த வீட்டம்மாள், தட்டை இறக்கிக்கொண்டே, “சாமை நல்லா இருந்துச்சு, சாமை நல்லா இருந்துச்சுங்கறீங்களே, அதைக் குத்திப் புடைச்சது யாருன்னு அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கா?” என்று கேட்டார்.

ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு நால்வரும் ஒருசேரப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த நாவலில் பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள், யாருக்கு ஓய்வு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பக்கம் பக்கமாகத் தேடலானார்கள். அம்மாளும் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். தம் மாமியார் விடியுமுன் உலக்கை பிடித்த கதையை அவர் சொல்ல, ஆசிரியர் அதைத் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அதுவரை மலையும் நிலமும் பற்றிய நாவலாக அவர்கள் படித்திருந்தது, அதற்குமேல் உழைப்பைப் பற்றிய நாவலாகவும் ஆயிற்று. இந்தக் கேள்வி அந்த நால்வரில் எவருக்கும் தனியறை வாசிப்பில் எழுந்திருக்கவில்லை. என் சொந்த வாசிப்பிலும் எழுந்ததில்லை. நாவலைக் கூடிப் பேசவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிடப் பலமான ஆதாரம் என்னிடம் இல்லை.

இவ்வகைக் கூடுகைக்குப் பெரிய அளவிலான முன்மாதிரியும் இதே மலையில் உண்டு. உதகையை அடுத்த ஃபெர்ன்ஹில்லில், நடராஜ குரு 1923ஆம் ஆண்டு தொடங்கிய நாராயண குருகுலம் இருக்கிறது. பின்னாளில் அங்கே வாழ்ந்த நித்ய சைதன்ய யதி, தத்துவத்தோடு இலக்கியத்தையும் இசையையும் மிக நேசித்தவர். 1999ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தபின், எழுத்தாளர் ஜெயமோகனும் நண்பர்களும் அவர் நினைவாக அந்தக் குருகுலத்தில் ஆண்டுதோறும் இலக்கியச் சந்திப்புகள் நடத்திவந்தார்கள். வாரக்கடைசியை ஒட்டி நடந்த அந்தச் சந்திப்புகளுக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேருந்தேறி வந்தவர்களில் பலர் கணினித்துறையிலும் வங்கியிலும் மருத்துவத்திலும் இருக்கும் இளைஞர்கள். மது கூடாது, தனிநபர் தாக்குதல் கூடாது, அமர்வுகளை விட்டு ஊர்சுற்றப் போகக்கூடாது என்ற நிபந்தனைகள் கண்டிப்பானவை என்று சிலருக்குத் தோன்றியதுண்டு. எனக்கு அவை மிக நியாயமாகவே படுகின்றன. ஓய்வு என்பது கட்டுப்பாடற்ற நேரம் என்ற மனோபாவம் வளர்ந்துவிட்ட காலத்தில், சந்தோஷத்துக்கும் ஒரு நியதி வேண்டும் என்பதை அந்த அரங்குகள் நிரூபித்தன. பகலெல்லாம் கம்பனையோ சிறுகதையையோ பேசியவர்கள் மாலையில் யூகலிப்டஸ் மரங்களின் நடுவே நடந்துகொண்டே அதே பேச்சைத் தொடர்ந்தார்கள். அங்கே உண்டான சிநேகங்கள் பல குடும்பச் சிநேகங்களாகவே வளர்ந்திருக்கின்றன.

ஆனால் வருஷத்துக்கொரு முறை கூடும் பெரிய அரங்கு மாதத்துக்கொரு முறை கூடும் நாலு பேர் கூட்டத்துக்கு ஈடாகாது என்றே நான் சொல்வேன். பெரிய அரங்கில் கற்கிறோம்; வீட்டுக் கூடத்தில்தான், தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற கூச்சமின்றிப் பேசுகிறோம். கேத்தியில் நான் கண்ட நண்பர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு எளியது: மாதம் ஒரு நாவல், கடைசி ஞாயிறு ஒரு வீடு, புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அந்தந்த வீட்டாருக்கு. படித்து முடிக்காதவரும் வரலாம், ஆனால் படித்த வரைக்கும் பேசியாக வேண்டும். பேருந்தில் மலையேறும் மூன்று நான்கு மணிநேரத்தில் ஐம்பது பக்கமும், சனிக்கிழமை இரவில் நூறு பக்கமும் நகர்ந்துவிடுவதாகச் சொல்கிறார்கள். கொண்டையூசி வளைவுகளில் படிக்கத் தலைசுற்றுகிறவர்கள் சமவெளியிலேயே படித்து முடித்துக்கொள்கிறார்கள்.

செலவைக் காரணம் சொல்லவும் இடமில்லை. ராஜம் கிருஷ்ணனின் படைப்புகளை 2009ஆம் ஆண்டு, அவர் உயிரோடிருக்கையிலேயே, தமிழக அரசு நாட்டுடைமையாக்கிவிட்டது. ‘குறிஞ்சித் தேன்’ கிளை நூலகத்திலும் கிடைக்கும், இணையத்தில் விலையின்றியும் படிக்கலாம். 2018ஆம் ஆண்டு பூத்த குறிஞ்சி, மீண்டும் 2030இல் பூக்கவேண்டும். அது வரை காத்திராமல், நீலகிரியிலிருந்து இறங்கி வேலைக்குப் போயிருக்கும் ஒவ்வோர் இளைஞரும் இளம்பெண்ணும் இந்த மாதமே அந்த நாவலை எடுத்துப் படிக்க வேண்டும் என்றும், கடைசி ஞாயிற்றுக்கிழமை இரண்டு நண்பர்களையும், கூடவே வீட்டிலிருக்கும் ஒரு மூத்த பெண்மணியையும் உட்காரவைத்து அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் மிகவும் கேட்டுக்கொள்கிறேன்.