ஏட்டு கேட்ட கேள்வியும் நர்ஸ் கேட்கும் கேள்வியும்

மனநலம் குன்றியவர் ஆபத்தானவரா என்பதை ஒரு காலத்தில் போலீஸ் ஸ்டேஷன்தான் முதலில் முடிவு செய்தது. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. ஆபத்தானவர் என்று நம்பக் காரணம் இருந்தால் போதும், பிடித்துக்கொண்டு போய் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம். அவர் உத்தரவு போட்டால் சென்னைக்காரருக்குக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம். யாரைக் கண்டு பயப்படுகிறார், கடைசியாக எப்போது தூங்கினார் என்றெல்லாம் விசாரிக்க அந்த நடைமுறையில் இடமே கிடையாது. 1987-இல் புதுச் சட்டம் வந்தது. அது அமலுக்கு வர 1993 ஆயிற்று. காப்பகத்துக்கு வெளியிலோ சங்கிலிதான் வைத்தியம். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களில் எத்தனை பேரால் யாருக்கு என்ன ஆபத்து இருந்தது என்று எவரும் கணக்கெடுத்திருக்கவில்லை.

தற்கொலைக்கு முயன்றவர் பாடு வேறு விதம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு அவரைக் குற்றவாளியாக்கியது. ஓராண்டு வரை சிறை. அதனால் கேஷுவாலிட்டிக்குத் தூக்கிவரும்போதே குடும்பம் ஒரு கதையைத் தயார் செய்துகொண்டு வரும். “டானிக்னு நினைச்சுக் குடிச்சிட்டான் சார்.” “வயித்துவலி தாங்கல.” டாக்டரும் அதையே எழுதிக்கொள்வார். உயிர் பிழைத்தவர் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடுவார், என்ன நடந்தது என்று ஒருவரிடமும் வாய்திறக்காமலே. உண்மை சொன்னால் வழக்கு வரும் என்கிற இடத்தில் எந்த நிபுணர் வந்து எதை மதிப்பிட முடியும்? நோயாளிகளுக்கு அந்தப் பிரிவு செய்த கெடுதலை ஏர்வாடிக்குப் பக்கத்தில்தான் வைப்பேன்.

இதற்கிடையில், யார் சாவார் என்று முன்கூட்டியே கணித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் வளர்ந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்கு வந்த 4,800 மனநோயாளிகளை அலெக்ஸ் பொகோர்னி ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, 1983-இல் முடிவை வெளியிட்டார். அதிக ஆபத்து என்று பிரிக்கப்பட்டவர்கள் 803 பேர். தற்கொலை செய்துகொண்ட 67 பேரில் அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் 30 பேர்தான். மற்ற 37 பேரும் ‘பயமில்லை’ என்று ஒதுக்கப்பட்டவர்கள். அதற்குப் பிறகு எத்தனையோ மதிப்பெண் அட்டைகள் வந்தன. நிலைமை பெரிதாக மாறவில்லை. தற்கொலையைக் கணிக்க அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள், குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஆட்களைப் பிரிக்காதீர்கள் என்று இங்கிலாந்தில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டி 2022-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

வன்முறை விஷயத்தில் கணிப்பு கொஞ்சம் கைகொடுக்கிறது, அடுத்த 24 மணி நேரத்துக்கு மட்டும். நார்வேயில் உருவான ப்ரோசெட் பட்டியலில் ஆறே விஷயங்கள்: குழப்பம், எரிச்சல், கூச்சல், வாயால் மிரட்டுதல், கையை ஓங்குதல், பொருளை உடைத்தல். வார்டில் ஷிப்டு மாறும்போது நர்ஸே குறித்துவிடலாம். நேற்று அமைதியாக இருந்தவர் இன்று காலை சத்தம் போடுகிறார் என்றால், பசியா, பீடி கிடைக்கவில்லையா, காதில் குரல் கேட்கிறதா என்று பக்கத்தில் போய்க் கேட்க அது நேரம் தருகிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியையும் தனியறையில் அடைப்பதையும் தடை செய்துவிட்டது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால்தான் கட்டிவைக்கலாம். அதற்கும் மனநல மருத்துவர் அனுமதி வேண்டும்.

அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 309 இல்லை. இப்போது கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்காரும் நர்ஸ் நேராகவே கேட்கலாம்: “செத்துப் போயிடலாம்னு இப்பவும் தோணுதாம்மா?” கேட்டால் எண்ணம் கிளம்பிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அது வீண் பயம். பெரும்பாலும் அழுகைதான் முதலில் வரும், பிறகு பேச்சு. அந்தப் பேச்சிலிருந்து ஒரு தாளில் எழுதுகிறார்கள்: எந்த நேரத்தில் மனசு கனக்கிறது, அப்போது யார் வீட்டுக்குப் போவது, நடு ராத்திரி யாருக்குப் போன் செய்வது, வீட்டிலுள்ள பூச்சிமருந்தை யார் பொறுப்பில் விடுவது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் ‘ஸ்நேகா’ என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு, பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டிவைக்கப் பெட்டிகள் அமைத்துக் கொடுத்துப் பார்த்தது. ஆபத்து ஆளின் மனத்துக்குள் மட்டும் இல்லை, கைக்கெட்டும் தூரத்திலும் இருக்கிறது என்று புரிந்துகொண்டவர்கள் செய்த வேலை அது.

இன்றும் பல படிவங்களில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்ற அந்த மூன்று கட்டங்கள் அச்சாகித்தான் வருகின்றன. கூட்டம் நெருக்கும் புறநோயாளிப் பிரிவில் டிக் அடிக்க ஒரு விநாடி போதும். நோயாளியோடு பேசி அந்தத் தாளை எழுத அரைமணி நேரம் வேண்டும். ஆனால் பேசச் செலவிடும் நேரம் வீண்போகாது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து இடங்களில் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர். டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள்தான் மிக மோசமான காலம் என்பது மனநலத் துறையில் எல்லோருக்கும் தெரியும். 14416-ஐ அழைத்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையில் எந்நேரமும் ஆள் பேசுகிறார். ஆனால் அங்கே நோயாளிதான் முதலில் அழைக்க வேண்டும். நோயாளியை நாமே அழைத்து விசாரிப்பதற்கென்று மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஒரு நர்ஸ் பணியிடம் வேண்டும், அரசாணையோடும் சம்பளத்தோடும்.