பேட்டரியா, சார்ஜா? லாரிக்காரர்கள் பார்க்க வேண்டியதும் கேட்க வேண்டியதும்

வெளிமாநிலச் சரக்கு ஓட்டுபவர்களுக்குக் கேபின்தான் வீடு. படுக்கை அங்கே, ஃபேன் அங்கே, செல்போன் சார்ஜர், பாட்டு, சில வண்டிகளில் சின்ன ஃபிரிட்ஜ்கூட உண்டு. இரவெல்லாம் இவை ஓடிய பிறகு விடிகாலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது. வழியில் கிடைக்கும் கடையில் "பேட்டரி போச்சு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். புது ஜோடி வாங்கிப் போடுகிறார்கள். சில மாதங்களில் அதுவும் படுத்துவிடுகிறது. பேட்டரியைச் சோதிக்கிறார்களே தவிர, அதற்குச் சார்ஜ் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. அந்த அலட்சியத்துக்குக் காசு கொடுப்பவர் வண்டிக்காரர்.

பெரிய லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டை வரிசையாக இணைத்திருப்பார்கள். ஆனால் கடையில் வாங்கும் ஸ்டீரியோவும் ஃபேனும் பலசமயம் 12 வோல்ட். இதற்குச் சுலப வழியாக, இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். கோளாறு இங்கேதான் பிறக்கிறது. இரவு முழுக்க ஒரு பேட்டரி மட்டும் இறங்குகிறது. காலையில் ஆல்டர்னேட்டர் (பலர் டைனமோ என்பார்கள்) இரண்டுக்கும் சேர்த்துத்தான் சார்ஜ் ஏற்றும். மொத்தம் 28 வோல்ட் வந்துவிட்டால் போதும், எதற்கு எவ்வளவு போனது என்று அதற்குத் தெரியாது. ஒன்று 13 சொச்சத்தில் பட்டினி கிடக்க, மற்றது 15ஐ நெருங்கிக் கொதித்துத் தண்ணீரை இழக்கும். பட்டினி கிடப்பதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. அந்த ஒயரைக் கழற்றிவிட்டு, 24ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்றை இரண்டு பேட்டரிக்கும் பொதுவாக மாட்டுவதுதான் சரியான வைத்தியம். பேட்டரி மாற்றும்போதும் ஒன்றை மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்ற வேண்டும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியே அளந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, ஜோடியை அளந்தால் ஏறத்தாழ 27.5 முதல் 28.5 வரை வர வேண்டும். ஆல்டர்னேட்டர் முனையில் 28 இருந்து பேட்டரி முனையில் 26.5தான் வருகிறது என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பூத்துப்போன டெர்மினல், தளர்ந்த எர்த், அரித்த ஒயர் ஆகியவை வழியிலேயே தின்றுவிடுகின்றன. ஆல்டர்னேட்டரிலேயே வரவில்லை என்றால் பெல்ட்டைப் பாருங்கள், பிறகு ரெகுலேட்டரை. எல்லாம் சரியாக இருந்தும் நிறுத்திய வண்டி இறங்கினால், பின்னால் மாட்டிய ஏதோ ஒரு கருவி இரவில் இழுக்கிறது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினால் அது அகப்படும்.

உயிர் சம்பந்தப்பட்டவையும் உண்டு. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறி பட்டு வெடிக்கும். பேட்டரி பக்கத்தில் பீடி கூடாது. இன்னொரு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது கடைசி கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இருக்கும் சேசிஸ் இரும்பில் மாட்ட வேண்டும். ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கேபினுக்கு இழுக்கும் எந்த ஒயருக்கும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். இல்லாவிட்டால் ஒயர் உரசித் தேய்ந்த இடத்தில் ஷார்ட் ஆகி, தூங்குபவருக்குக் கீழேயே தீப்பிடிக்கும். சார்ஜுக்காக இரவெல்லாம் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இனி உரிமை. வாரண்டி கேட்டுப் போனால் "சார்ஜ் கோளாறு, பேட்டரிக் குறை இல்லை" என்று திருப்பி அனுப்புவது வழக்கம். மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் அளக்கச் சொல்லுங்கள். ஆறும் ஒரே அளவில் குறைந்திருந்தால் சார்ஜ் குறைவு என்று சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஐந்து நன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால், குறை பேட்டரிக்குள்ளேயே இருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஆறு எண்களையும் தேதி, சீரியல் நம்பரோடு எழுதி, முத்திரை போட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு பிறகு செல்லாது. வாங்கும் அன்றே பில்லும், தேதி போட்ட வாரண்டி கார்டும் வேண்டும். பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி முறையற்ற வணிகம். இலவசமாக மாற்றித் தரும் காலம் எது, கழிவு மட்டும் தரும் காலம் எது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

"லாரி வியாபாரத்துக்கு, நீ நுகர்வோர் இல்லை" என்று மிரட்டினால் நம்ப வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே விளக்குகிறது. லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று 1995இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பல லாரிகளை ஆள் வைத்து ஓட்டும் நிறுவனத்துக்கு இது பொருந்தாது.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பேட்டரி வாங்கிய ஊருக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அதுவரை பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். ஆணையம் ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப நினைத்தால் அந்தப் பேட்டரிதான் வேண்டும். வழக்கு முடிந்த பிறகு, ஆசிட்டை மண்ணில் கொட்டி ஈயத்தை உருக்கும் ஆட்களிடம் போடாமல், விற்பனையாளரிடமே திருப்பிக் கொடுங்கள். பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022ஆம் ஆண்டு விதிகள் தயாரிப்பாளர்கள்மீது சுமத்தியிருக்கின்றன.