இடமும் வலமும் அறியும் ஒளி

ஒரு பதார்த்தத்தை இன்னதென்று நிச்சயிப்பதற்கு ரசாயன சாஸ்திரம் கேட்கும் கேள்விகள் பல. அதன் எடை என்ன, எந்த உஷ்ணத்தில் உருகும், எதில் கரையும், எந்தெந்த அணுக்கள் எத்தனை சேர்ந்து அதன் மூலக்கூறு அமைந்திருக்கிறது என்பன அவற்றுள் முக்கியமானவை. இவை அத்தனைக்கும் ஒரே விடையைத் தந்துவிட்டு, ஆயினும் ஒன்றுக்கொன்று வேறாகவே நிற்கும் ஜோடிப் பதார்த்தங்கள் இயற்கையில் ஏராளமாக உண்டு. நம் இரு கைகளும் விரல்களின் எண்ணிக்கையாலும் அளவாலும் ஒத்திருந்தும், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிரதிபிம்பமாக அமைந்திருப்பதால், எப்படித் திருப்பி வைத்தாலும் இடக்கை வலக்கையாகிவிடுவதில்லை. அந்த ஜோடி மூலக்கூறுகளின் நிலையும் அதுவே. புதினாவின் மணத்துக்குக் காரணமான கார்வோன் என்னும் பொருளும், சதகுப்பை விதையின் மணத்துக்குக் காரணமான கார்வோனும் இத்தகைய இடவல ஜோடியே. தராசுக்கும் வெப்பமானிக்கும் புலப்படாத இந்தப் பேதம் மூக்குக்கு மட்டும் உடனே புலப்படுகிறது. ஏனெனில், மணத்தை ஏற்கும் புரதங்களும் இடவல பேதம் உடையனவே. கையுடைய ஒன்றைக் கையுடைய மற்றொன்றே அறியும் என்ற இந்த நியதியை மனத்தில் கொண்டால், விஞ்ஞானிகள் ஒளியைக் கொண்டு மூலக்கூறின் கையை அறிந்த வரலாறு தெளிவாக விளங்கும்.

1815ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி பியோ, அதிர்வு ஒரே தளத்தில் நிகழுமாறு செய்யப்பட்ட ஒளியை, அதாவது தளவிளைவுற்ற ஒளியை, டர்ப்பன்டைன் முதலிய திரவங்களின் ஊடே செலுத்தியபோது, அந்தத் தளம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடுவதைக் கண்டார். குவார்ட்ஸ் ஸ்படிகம் ஒளியை இவ்வாறு திருப்புவது முன்பே தெரிந்திருந்தது. ஸ்படிகத்தின் விஷயத்தில் அதற்குக் காரணம் அணுக்களின் அடுக்கு என்று சொல்லிவிடலாம். அடுக்கே இல்லாத திரவமும் திருப்புமாயின், அந்தச் சக்தி ஒவ்வொரு மூலக்கூறுக்குள்ளும் உறைந்திருக்கவேண்டும் என்பது திண்ணம்.

அதன் இரகசியத்தை 1848இல் வெளிப்படுத்தியவர் இருபத்தைந்து வயதே நிரம்பிய லூயி பாஸ்டர். திராட்சை மதுப் பீப்பாய்களில் படிவதும், நம் புளிக்குப் புளிப்பைத் தருவதுமான டார்டாரிக் அமிலம் ஒளியைத் திருப்பும். அணுச் சேர்க்கையில் அதனோடு முற்றிலும் ஒத்த ராசிமிக் அமிலமோ திருப்பாது. பின்னதன் சோடிய அம்மோனிய உப்பைப் படிகமாக்கிய பாஸ்டர், அதில் ஒன்றுக்கொன்று பிரதிபிம்பமான இருவகைப் படிகங்கள் கலந்திருப்பதைக் கண்டு, அவற்றை ஒவ்வொன்றாகக் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை வலப்புறமும், மற்றதன் கரைசல் அதே அளவு இடப்புறமும் திருப்பின. இரண்டையும் சமமாகக் கலந்தபோது திருப்பம் மறைந்தது. முதியவரான பியோ, தாமே கொடுத்த பொருள்களைக் கொண்டு தம் கண்ணெதிரே அந்தப் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்லிப் பார்த்த பின்னரே அதை அங்கீகரித்தார்.

ஆனால் தளத்தில் அதிரும் ஒளிக்குக் கை இல்லையே, அது எவ்வாறு இந்தப் பேதத்தை அறிகிறது என்ற ஐயம் இங்கே எழுவது நியாயம். அதற்கு விடை தந்தவர் ஃபிரெனெல் என்னும் விஞ்ஞானி. வட்டத் தளவிளைவுற்ற ஒளி என ஒன்று உண்டு. அதில் மின்புலம் ஒரே தளத்தில் அசையாமல், கிரணம் முன்னேறும் போக்கில் சுழன்றுகொண்டே சென்று ஒரு சுருளை வரைகிறது. அந்தச் சுருள் வலஞ்சுழியாகவும் இருக்கலாம், இடஞ்சுழியாகவும் இருக்கலாம். தளத்தில் அதிரும் ஒளி என்பது இவ்விரண்டும் சமமாகச் சேர்ந்த கூட்டே என்றும், கையுடைய பொருளுக்குள் இவற்றின் வேகம் வேறுபடுவதால்தான் தளம் திரும்புகிறது என்றும் ஃபிரெனெல் விளக்கினார். 1895இல் எமே கோட்டன் என்னும் விஞ்ஞானி இன்னும் ஒரு படி மேலே சென்று, அதே டார்டாரிக் அமிலத்தின் செப்பு, குரோமியச் சேர்க்கைகளின் வண்ணக் கரைசல்களில் இருவகைச் சுழல் ஒளியையும் செலுத்தி, வேகம் மட்டுமல்ல, கரைசல் அவற்றைக் கிரகிக்கும் அளவும் வேறுபடுவதைக் காட்டினார். வட்ட இருநிறத்தன்மை என்று இன்று வழங்கும் அளவை முறைக்கு அதுவே ஆதாரம்.

தத்துவம் எளிது, அளப்பதுதான் அரிது. ஒளிச்சுருள் ஒரு சுற்றை முடிக்கச் செல்லும் தூரம் சில நூறு நானோமீட்டர். சாதாரண மூலக்கூறின் நீளமோ ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். அவ்வளவு குறுகிய தூரத்தில் ஒளி அடையும் திருப்பம் அற்பமானதாகையால், இருவகை ஒளியும் கிரகிக்கப்படும் அளவில் உள்ள வித்தியாசம் மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். வல ஒளியை ஒரு முறையும் இட ஒளியைப் பிறகு ஒரு முறையும் அளந்து கழித்துப் பார்த்தால், விளக்கின் சிறு தடுமாற்றமே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். எனவே இன்றைய கருவிகளில் ஒரு குவார்ட்ஸ் கட்டியை வினாடிக்குச் சுமார் 50,000 தடவை அதிரவைத்து, ஒரே கிரணத்தை வலமும் இடமுமாக மாறி மாறிச் சுழலச் செய்கிறார்கள். அந்தத் துடிப்போடு இசைந்து வரும் மாற்றத்தை மட்டும் மின்னணுச் சாதனம் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்கப் பயன்படுவது கற்பூரத்திலிருந்து செய்யப்படும் கற்பூர ஸல்போனிக் அமிலம். அது 290.5 நானோமீட்டர் அலைநீளத்தில் காட்டும் உச்சம் உலகெங்கும் அளவுகோலாக ஏற்கப்பட்டிருக்கிறது.

இந்த முறையால் பெரும்பயன் அடைந்தது புரத ஆராய்ச்சி. உயிர்களின் புரதங்கள் அநேகமாக முழுவதும் இடவகை அமினோ அமிலங்களாலேயே ஆன சங்கிலிகள். அத்தகைய சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும் என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963இல் வெளியிட்ட வரைபடம் காட்டுகிறது. வலஞ்சுழிச் சுருளே அதற்கு இசைவானது என்பதும் அதில் தெளிவாகிறது. கரைசலில் உள்ள புரதம் அவ்வாறு சுருண்டிருந்தால், வட்ட இருநிறத்தன்மையை அலைநீளவாரியாக வரைந்த கோட்டில் 208, 222 நானோமீட்டர்களில் இரண்டு பள்ளங்கள் தோன்றுகின்றன. தகடுபோல் விரிந்திருந்தால் 218க்கு அருகே ஒரே பள்ளம் தோன்றுகிறது. கரைசலைச் சிறிது சிறிதாகச் சூடாக்கினால், சுருள் எந்த உஷ்ணத்தில் குலைகிறது என்பதைப் பள்ளம் தூர்ந்துவருவதைக் கொண்டே கணித்துவிடலாம். ஒவ்வோர் அணுவின் இடத்தையும் சொல்வது இம்முறைக்கு எட்டாத காரியம். அதற்கு எக்ஸ் கதிர் முதலிய வேறு வழிகள் உண்டு. ஆயினும் துளியளவு கரைசலில், சில நிமிஷங்களில், புரதத்தின் பொதுவடிவைச் சொல்லிவிடும் விசேஷம் இதற்கு உண்டு.

மருந்தின் விஷயத்தில் இந்த அறிவு உயிரோடு சம்பந்தப்பட்டது. நடுக்குவாத நோய்க்கு உதவும் டோபா என்னும் மருந்தில் இடவகை மட்டுமே குணம் தருகிறது. ஆகவே அது மட்டுமே லெவோடோபா என்ற பெயரில் கொடுக்கப்படுகிறது. புதிய மருந்தொன்றின் இரு வகைகளையும் அதை உருவாக்குவோர் தனித்தனியே அறிந்திருக்க வேண்டும் என்ற கொள்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 1992இல் வெளியிட்டது. 1970களில் தோன்றிய அகச்சிவப்புச் சுழல் ஒளிமுறை இவ்விஷயத்தில் பெருந்துணை; கணினியால் கணித்த கோட்டோடு அளந்த கோட்டை ஒப்பிட்டு, படிகமாகாத மருந்தின் கையையும் அதனால் நிர்ணயிக்கிறார்கள்.

நம் கல்லூரிப் பரிசோதனைச் சாலைகளில் மாணவர்கள் சர்க்கரைக் கரைசலை நீண்ட கண்ணாடிக் குழாயில் நிரப்பி, தளவிளைவுமானியில் கோணத்தை அளந்து, குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண் பெற்றுச் செல்கிறார்கள். அந்தக் கோணம் வெறும் எண் அன்று என்பதையும், வலஞ்சுழி ஒளியும் இடஞ்சுழி ஒளியும் ஒரே மூலக்கூறை இருவேறு விதமாகச் சந்தித்ததன் விளைவு அது என்பதையும் ஆசிரியர் எடுத்துச் சொன்னால், பாஸ்டரும் ஃபிரெனெலும் கோட்டனும் சென்ற பாதையில் தானும் நிற்பதை மாணவன் உணர்வான். அடுத்த அடியை எடுத்து வைக்கும் ஆர்வமும் அவனுக்குத் தானே பிறக்கும்.