நிலம் மாறினால் சாட்சியம் மாறும்

ஹதீஸ் கலை பயில்வோர் மஃமர் இப்னு ராஷித் (ரஹ்) அவர்களை நன்கறிவர். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டினரான அப்பேரறிஞர் பஸ்ராவில் பிறந்து யமனில் குடியேறியவர்; நம்பகமானவர் என ஏற்கப்பெற்றவர். ஆயினும் அவருடைய அறிவிப்புகளில் திறனாய்வாளர்கள் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கண்டனர். யமனில் அவர் அறிவித்தவை திருத்தமானவை. பஸ்ராவுக்கு வந்திருந்தபோது, தம் ஏடுகள் உடனில்லாத நிலையில் நினைவிலிருந்து அறிவித்தவற்றிலோ பிழைகள் உள. அறிவிப்பாளர் ஒருவரே, இடமும் சூழலும் மாறின, அறிவிப்பின் தரமும் மாறியது. ஆகவேதான் ‘அறிவித்தவர் யார்?’ என்பதோடு நில்லாமல், ‘எங்கே, எந்நிலையில் அறிவித்தார்?’ என்றும் நம் முன்னோர் வினவினர்.

இதே வினாவை இன்றைய உயிரியலும் தன் சாட்சிகளிடம் வினவ வேண்டியதாயிற்று. ‘ஆய்வுக்கூடத்தில் நுரையீரல் உயிரணுக்கள்மீது சோதித்தபோது இம்மருந்து பலனளித்தது’ என்னும் செய்தியை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். அவ்வுயிரணுக்கள் எதன்மேல் வளர்ந்தன என்று கேட்பவர் அரிது. ஆனால், அவை கூறும் சாட்சியத்தின் தகுதி பெரிதும் அதைப் பொறுத்தே அமைகின்றது.

காற்றறையின் இரு குடிகள்

நுரையீரலின் ஆழத்தில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரில் முக்கியமாக இருவகை உயிரணுக்கள் குடியிருக்கின்றன. முதல்வகை மெல்லிய தாள்போல் விரிந்து காற்றறைப் பரப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை மூடுகின்றது. உயிர்வளி இதனூடாகவே இரத்தத்தைச் சென்றடைகின்றது. இரண்டாம்வகை சிறு கனசதுரம் போன்றது. மூச்சை வெளிவிடும்போது காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ‘சர்ஃபக்டன்ட்’ என்னும் கொழுப்பு மிகுந்த பொருளைச் சுரப்பது இதன் பணி. குறைமாதக் குழந்தைகள் பலர் பிறந்தவுடன் மூச்சுக்குத் திணறுவதற்கு இப்பொருளின் போதாமையே முதன்மைக் காரணம். முதல்வகை சேதமுற்றால், இரண்டாம்வகையே பெருகி, உருமாறி, அதன் இடத்தை நிரப்புகின்றது.

இவ்விருவகையும் ஆதாரமின்றி நிற்பவை அல்ல. கொலாஜன், லாமினின் முதலிய புரதங்களால் நெய்யப்பட்ட மென்சவ்வு ஒன்றின்மீது அமர்ந்திருக்கின்றன. ஒருபுறம் காற்று, மறுபுறம் இரத்த நாளம். ஒவ்வொரு மூச்சிலும் அச்சவ்வு விரிந்து சுருங்குகின்றது.

பிளாஸ்டிக் தட்டின்மேல்

ஆய்வுக்கூடத்தில் வழக்கமாகப் பயன்படும் தட்டு பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. உயிரணுக்கள் ஒட்டுவதற்காக அதன் பரப்பு மின்முறையால் பக்குவப்படுத்தப்படுகின்றது. விலை மலிவு, நுண்ணோக்கியில் பார்க்கத் தெளிவு, ஒரு தட்டுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு குறைவு. இக்காரணங்களால் அது உலகெங்கும் நிலைபெற்றது.

ஆனால், எலியின் நுரையீரலிலிருந்து பிரித்தெடுத்த இரண்டாம்வகை உயிரணுக்களை இத்தட்டில் இட்டால் நிகழ்வது வியப்புக்குரியது. சில நாள்களுக்குள் அவை தட்டையாகப் பரவுகின்றன, சர்ஃபக்டன்டைச் சேமித்து வைக்கும் உட்பைகளை இழக்கின்றன, சுரப்பு குன்றுகின்றது, முதல்வகையின் அடையாளங்கள் தோன்றுகின்றன. அதே உயிரணுக்களை, அடித்தளச் சவ்வின் புரதங்கள் நிறைந்த மென்மையான கூழ்மத்தின்மேல் இட்டால் கனசதுர வடிவிலேயே நீடித்து, சர்ஃபக்டன்ட் தொடர்பான பண்புகளையும் பெருமளவு காத்துக்கொள்கின்றன.

வேறொரு சோதனை இன்னும் தெளிவானது. கொலாஜன் கூழ்மம் தட்டில் இறுக ஒட்டியிருக்கும்போது அதன் மேலுள்ள உயிரணுக்கள் தட்டையாகின்றன. அக்கூழ்மத்தின் விளிம்பைப் பிரித்து மிதக்கவிட்டால் அது சுருங்கி நெகிழ்கின்றது. தட்டையான உயிரணுக்கள் மீண்டும் தடித்து, இழந்த பண்புகளில் சிலவற்றைத் திரும்பப் பெறுகின்றன. இங்கே உயிரணுவும் மாறவில்லை, கூழ்மத்தின் புரதமும் மாறவில்லை. தளத்தின் பிடிப்பு மட்டுமே மாறியது.

இதற்குக் காரணம் யாது? உயிரணுவின் வெளித்தோலில் ‘இன்டக்ரின்’ எனப்படும் கொக்கி போன்ற புரதங்கள் உள்ளன. அவற்றால் உயிரணு தன் தளத்தைப் பற்றி இழுத்துப் பார்க்கின்றது. தளம் எத்துணை எதிர்த்து நிற்கின்றது என்னும் செய்தி உள்ளிழைகளின் வழியாகக் கருவை எட்டுகின்றது. எந்த மரபணுவைத் திறப்பது, எதை மூடுவது என்பதில் அச்செய்திக்கும் பங்குண்டு.

இறுக்கத்தின் அளவு

தளத்தின் இறுக்கத்தை அறிஞர்கள் கிலோபாஸ்கல் என்னும் அலகால் அளக்கின்றனர். உயிரணுக்கள் நீக்கப்பட்ட மனித நுரையீரல் இழையங்களில் 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, நலமான நுரையீரலின் இறுக்கம் சராசரி 2 கிலோபாஸ்கல் அளவு என்றும், தழும்பேறி இறுகும் ஃபைப்ரோசிஸ் நோயுற்றதன் இறுக்கம் 16 கிலோபாஸ்கல் அளவு என்றும் கண்டது. பிளாஸ்டிக் தட்டின் இறுக்கமோ பத்து இலட்சம் கிலோபாஸ்கலுக்கும் மேல்!

நுரையீரலின் நார் உற்பத்தி உயிரணுக்களை மென்மையான தளத்தில் இட்டால் அவை பெரும்பாலும் அடங்கியிருக்கின்றன; இறுகிய தளத்தில் இட்டால் கிளர்ச்சியுற்றுக் கொலாஜனை மிகுதியாகச் சுரக்கின்றன. அக்கொலாஜன் தளத்தை மேலும் இறுக்குகின்றது. அவ்விறுக்கம் அவற்றை மேலும் தூண்டுகின்றது. நோய் தன்னைத்தானே வளர்க்கும் சுழல் இது. அப்படியாயின், பிளாஸ்டிக் தட்டில் ‘நலமான உயிரணு’ என்று பெயரிட்டு ஒப்புநோக்க வைக்கப்படுவதும் ஏற்கெனவே நோயின் சாயலைப் பெற்றிருக்கக்கூடும்.

மூச்சுவிடும் தளம்

குறையை உணர்ந்த அறிவியலே அதற்கு மாற்றும் தேடியது. மூச்சுக்குழல் உயிரணுக்களை நுண்துளைச் சவ்வின்மேல் வளர்த்து, கீழே ஊட்டநீரும் மேலே காற்றும் படுமாறு வைத்தால், சில வாரங்களில் அசையும் நுண்மயிர்களும் சளிப்படலமும் தோன்றுகின்றன. நீரில் முழுகி வளர்பவற்றில் இவ்வளர்ச்சி முழுமையுறுவதில்லை.

2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வீஸ் நிறுவனத்தில் டான் ஹூ, டொனால்டு இங்பர் குழுவினர் இன்னும் ஒரு படி சென்றனர். நெகிழும் மெல்லிய சவ்வின் ஒருபுறம் காற்றறை உயிரணுக்களையும் மறுபுறம் இரத்த நாள உயிரணுக்களையும் வளர்த்து, வெற்றிட விசையால் அச்சவ்வை மூச்சின் கதியில் விரித்துச் சுருக்கினர். சிலிக்காவின் நுண்துகள்களைச் செலுத்தியபோது, அசையாத சவ்வில் இருந்ததைவிட அசையும் சவ்வில் அழற்சி மிகுந்தது. அசைவற்ற தட்டு மட்டும் சாட்சியாயிருந்தால், அத்துகளின் தீங்கு குறைத்து மதிப்பிடப்பட்டிருக்கும்.

2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்தைத் திருத்தி, புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்னும் நிலையை நீக்கி, உயிரணுச் சோதனைகளுக்கும் வழிதிறந்தது. எனவே, தளத்தைப் பற்றிய வினா இப்போது முன்னிலும் முக்கியமானது. புதிய தளங்களும் குறையற்றவை அல்ல. பெரிதும் பயன்படும் ‘மேட்ரிஜெல்’ கூழ்மம் எலியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. ஒவ்வொரு தொகுதியிலும் அதன் சேர்மானம் சற்றே வேறுபடுகின்றது.

கருஞ்சீரகமும் நமது பொறுப்பும்

இவ்விளக்கம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கருஞ்சீரகத்தின் நிவாரணத் தன்மை பற்றிய நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறுவதை நாம் அறிவோம். அதை முழுமனத்தோடு ஏற்கிறோம். அவ்விதையிலுள்ள ‘தைமோகுவினோன்’ என்னும் பொருள், ‘ஏ549’ எனப்படும் நுரையீரல் புற்று உயிரணுக்களை ஆய்வுக்கூடத் தட்டுகளில் அழித்ததாகப் பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. இவ்வுயிரணு வரிசை 1972இல் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து உருவாக்கப்பட்டது. அரை நூற்றாண்டாகப் பெரும்பாலும் பிளாஸ்டிக்கின்மேல் பெருகி வருவது. அம்முடிவைக் கொண்டு ‘புற்றுநோய்க்கு மருந்து மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது’ என மேடையில் முழங்குவது, பஸ்ரா அறிவிப்பை யமன் அறிவிப்பாகக் காட்டுவதற்கு ஒப்பாகும். தட்டில் அழிவது வேறு. மூச்சுவிடும் மனிதனின் நுரையீரலில் நோய் தீர்வது வேறு. இரண்டாவதை நிறுவ, நோயாளிகளிடம் முறையாக நடத்தப்படும் சோதனைகள் வேண்டும்.

நபிமொழியின் பெருமை இதனால் குறைவதன்று. அதன் பொதுச்சொல், குறிப்பிட்ட சிலவற்றை நாடும் வழக்கினது என இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்கியதை, இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) தமது ஃபத்ஹுல் பாரீயில் எடுத்துரைக்கிறார். எல்லா நோய்க்கும் பொதுவென்றே கொள்வோரும் உளர். ஆயினும் நபி (ஸல்) அவர்களின் சொல் ஒரு பிளாஸ்டிக் தட்டின் சான்றை எதிர்பார்த்து நிற்பது அன்று. அதற்குத் தகாத சான்றைத் தேடிக் கொடுப்பவர், மருத்துவமனையின் சிகிச்சையைக் கைவிட்டு எண்ணெயை மட்டும் நம்பியிருக்கும் நோயாளிக்கு மறுமையில் என்ன விடை சொல்வார்? மருந்துண்ணுமாறு பணித்ததும் அதே நபி (ஸல்) அவர்களே அன்றோ!

ஆகவே, இத்தகைய செய்தியொன்று நம்மை அடையும்போது மூன்றைக் கேட்போம்: உயிரணு எங்கிருந்து வந்தது? எந்தத் தளத்தில் வளர்ந்தது? மனிதரிடம் சோதிக்கப்பட்டதா? ஸனதை ஆராய்ந்து பழகிய சமூகத்துக்கு இக்கேள்விகள் புதியன அல்ல.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.