கிளமாத் ஆற்றின் நீர்மட்டமும் சல்மன் மீன்பிடியும்

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், ஒரிகன் மாநிலத்து ஏரியொன்றினின்றும் புறப்பட்டு, கலிபோர்ணியாவின் வடபால் மலைகளை ஊடறுத்துப் பசிபிக் மாகடலிற் கலக்கும் கிளமாத் ஆறு ஏறத்தாழ 410 கிலோமீற்றர் நீளமுடையது. ஆண்டுதோறும் ஆவணி இறுதியிலிருந்து ஐப்பசி வரையில் 'சினூக்' எனப்படும் சல்மன் மீன்கள் கடலினின்றும் இவ்வாற்றில் ஏறுகின்றன. (ஈழத்துக் கடைகளில் அப்பெயரால் வழங்கும் தகரப்பேணி மீன் பெரும்பாலும் வேறோர் இனத்தது.) ஆற்றிற் பிறந்து, கடலிற் சில ஆண்டுகள் வளர்ந்து, பிறந்த நீர்க்கே மீண்டு, கூழாங்கற்களிடையே முட்டையிட்டு மடிவது இம்மீனின் வாழ்க்கை. நன்னீரில் ஏறத் தொடங்கிய பின் அஃது இரை கொள்வதில்லை என்றே சொல்லலாம். கடலிற் சேர்த்த கொழுப்பே அதற்குக் கட்டுச்சோறு. ஆகவே வழியிலே தங்க நேரும் ஒவ்வொரு நாளும் அதன் வலிமையைக் குறைக்கின்றது.

இதனாலேயே நீர்மட்டம் முதன்மை பெறுகின்றது. முதன்மழை பெய்து ஆறு சற்றே உயர்ந்து குளிரும்போது மீன்கள் விரைந்து மேலேறும். நீர் வற்றிச் சூடேறின் ஆழமான மடுக்களிலும் குளிர்ந்த ஓடைகள் வந்து கூடும் வாய்களிலும் நெருங்கி நின்றுவிடும். தூண்டிற்காரர் விரும்புவது வெள்ளம் தணிந்து கலங்கல் தெளியும் நாட்களையே.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் யூரொக் மக்கள் இதனை நெடுங்காலமாக அறிந்தோர். கெப்பெல் என்னுமிடத்திலே, கோடை முடிவில் நீர் மிகத் தாழ்ந்திருக்கும் காலம் பார்த்து, கழிகளை நட்டு ஆற்றின் குறுக்கே மீன்வேலி கட்டுவது அவர்தம் பழைய வழக்கம். கட்டுதற்குப் பத்து நாள். பிடித்தற்கும் பத்து நாள். அதன் பின் வேலியைத் தாமே கலைத்துவிடுவர். எஞ்சிய மீன் மேலே வாழும் மக்களுக்கும் முட்டையிடுதற்கும் உரியது. அறிஞர் பலர் இதனைச் சமயச் சடங்காக மட்டுமே விவரித்தனர். நீர்மட்டத்தையும் மீனின் தொகையையும் அளந்து வகுத்த ஒழுங்கு அச்சடங்கினுள்ளே அடங்கியிருத்தல் கருதத்தக்கது.

20ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தின் பொருட்டு அணைகள் எழுந்தன. முதலாவது கொப்கோ அணை 1918இல் தொழிற்படத் தொடங்கியது. மீனேறும் வழி அமைக்கப்படாமையால் மேலாறு சல்மனுக்கு அடைபட்டது. அன்றியும், மின்தேவைக்கேற்ப மதகுகளைத் திறந்தும் அடைத்தும் வந்தமையால் கீழாறு ஒரே நாளில் ஏறியும் இறங்கியும் தடுமாறியது. குஞ்சுகள் வறண்ட கற்களிடையே அகப்பட்டு மாண்டன. நீரில் இறங்கி நின்று தூண்டிலிடுவோர்க்கும் அபாயம் நேர்ந்தது. இவ்வேற்றவிறக்கத்தைச் சமன்செய்யவே 1962இல் அயன் கேற் அணை கட்டப்பட்டது. ஆயினும் சமனான நீரோட்டம் வேறொரு கேட்டை விளைத்தது. பெருவெள்ளம் அடித்துச் செல்லாத ஆற்றுப்படுகையில் ஒருவகைச் சிறு புழு பெருகிற்று. இளஞ்சல்மன்களின் குடலைத் தாக்கும் ஒட்டுண்ணிக்கு அப்புழுவே இடைத்தங்கலாகும். நீர் நாளுக்கு நாள் தாறுமாறாக மாறுதலும் தீது, பருவத்திற்குரிய மாற்றமின்றி நிற்றலும் தீது என்பது இங்ஙனம் தெளிவாயிற்று.

2001ஆம் ஆண்டு வறட்சியில், ஏரி மீன்களையும் ஆற்றுச் சல்மனையும் காக்கும் சட்டத்தின்படி மேலாற்று விவசாயிகளுக்குரிய நீரின் பெரும்பகுதி நிறுத்தப்பட்டது. பயிர் கருகக்கண்ட உழவரின் கிளர்ச்சி நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டும் மழை குறைவே. எனினும் வயல்களுக்கு நீர் விடப்பட்டது. 2002 புரட்டாதியிலே பெருந்தொகையாய் வந்த சல்மன்கள் தாழ்ந்து சூடேறிய கீழாற்றில் நெருங்கித் தேங்கின. நெருக்கத்தில் ஓருடலினின்றும் மற்றோருடலுக்கு எளிதிற் பரவும் ஒருகல ஒட்டுண்ணியும், செவுளை அழுகச்செய்யும் ஒரு பற்றீரியாவும் அவற்றைப் பற்றின. சில நாட்களுள் 34,000க்கு மேற்பட்ட மீன்கள் கரையெங்கும் மடிந்து கிடந்தன. இது குறைந்த மதிப்பீடே. கலிபோர்ணிய மீன்வளத் திணைக்களம் தாழ்ந்த நீரோட்டத்தைச் சுட்டிற்று. தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழுவோ ஒரு காரணத்தை மட்டும் நிறுவச் சான்று போதாதென்றது. வெப்பம், மீனின் தொகை, நீரின் அளவு ஆகிய மூன்றும் கூடியே அழிவு நேர்ந்ததெனக் கொள்ளினும், அவற்றுள் மனிதன் கைக்கு உடனே அடங்குவது நீரின் அளவொன்றேயாம். 2003, 2004ஆம் ஆண்டுகளில் கிளை ஆறாகிய திரினிற்றியின் அணையிலிருந்து இலையுதிர்கால ஏற்றத்தின்போது மேலதிக நீர் விடப்பட்டது. அத்தகைய அழிவு அவ்வாண்டுகளில் நேரவில்லை.

நெடிய வழக்கு, கிளர்ச்சி, உடன்படிக்கை ஆகியவற்றின் பின் நான்கு அணைகள் அகற்றப்பட்டன. ஒன்று 2023இலும், அயன் கேற் உட்பட ஏனைய மூன்றும் 2024இலும் நீங்கின. நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின், 2024 ஐப்பசியில் சினூக் மீன்கள் ஒரிகன் எல்லையினுட் சென்று சிற்றோடையொன்றில் முட்டையிடக் காணப்பட்டன. அதே ஆண்டில் கலிபோர்ணியக் கரையோரத்தின் வணிகச் சல்மன் மீன்பிடி, மீன்குறைவினால் இரண்டாம் ஆண்டாக மூடப்பட்டிருந்தது. ஏரியின் வாயிலுள்ள மேலணைகள் அகற்றப்படவில்லை. கோடையில் எவ்வளவு நீர் வயலுக்கு, எவ்வளவு ஆற்றுக்கு என்பது அவற்றின் மதகுகளிலேயே ஆண்டுதோறும் தீர்மானிக்கப்படுகின்றது.