பாலைவனத் தேளுக்கு உப்பளக் காற்று ஒத்துக்குமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும்போது, மரக்காணம் வந்ததும் காட்சி மாறிவிடும். மரமில்லாத வெட்டவெளி, கட்டம் கட்டமாக உப்புப் பாத்திகள், கண் கூசும் வெள்ளைக் குவியல்கள். முதல்முறை பார்ப்பவருக்குப் பாலைவனம் மாதிரியே தெரியும். வண்டியை நிறுத்தி இறங்கினால், ஐந்து நிமிடத்தில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வெயில் பாலைவனத்து வெயில்தான். காற்று அப்படியல்ல, அதில் கடலின் ஈரம் இருக்கிறது.

இந்த வித்தியாசம் நமக்கு வெறும் கசகசப்பு. கண்ணாடித் தொட்டியில் வளரும் ஒரு பாலைவனத் தேளுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

பல்லி, பாம்பு, டராண்டுலா சிலந்தி வரிசையில் தேளும் இன்று செல்லப்பிராணியாக ரீல்ஸில் வலம்வருகிறது. அதில் அடிக்கடி தென்படுவது, அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தைச் சேர்ந்த 'டெசர்ட் ஹேரி ஸ்கார்பியன்'. வட அமெரிக்காவிலேயே பெரிய தேள் இதுதான். நன்றாகப் பராமரித்தால் 15 ஆண்டுகளுக்கு மேல்கூட வாழும். ஆனால், வாங்கிய சில மாதங்களிலேயே இறந்துபோகும் தேள்களும் உண்டு. பெரும்பாலும் காரணம் நோயல்ல, வீடு.

தேளுக்கும் ஸ்ட்ரெஸ் வருமா?

ஆபீஸ் டென்ஷன் மாதிரி இல்லை. உடல் தாங்கும் எல்லையைச் சூழல் தாண்டிவிட்டது, ஒளிந்துகொள்ளவும் இடமில்லை. தேளுக்கு ஸ்ட்ரெஸ் என்றால் இதுதான்.

பாலைவனத்தில் இது பகல் முழுக்க ஆழமான வளைக்குள் கிடக்கும். இரவில்தான் வாசலுக்கு வரும். கண்பார்வை சுமார்தான். கால்களில் உள்ள நுண்ணிய உணர் உறுப்புகளால் மண்ணின் அதிர்வைப் படித்தே இரை எங்கே, எதிரி எங்கே என்று கண்டுபிடிக்கிறது. மணலில் ஒரு பூச்சி நகர்ந்தாலே உணரும் உயிரினத்தை வாஷிங் மெஷின் பக்கத்திலோ, ஸ்பீக்கர் மேலோ வைத்தால் என்ன ஆகும்? நாள் முழுக்க அதற்கு நிலநடுக்கம்தான்.

பகலிலும் ஓயாமல் கண்ணாடியோரம் சுற்றுவது, சின்ன அசைவுக்கும் கொடுக்கைத் தூக்குவது, தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் கிடப்பது, கால்களை ஊன்றி உடலைத் தரையிலிருந்து உயர்த்தி நிற்பது எல்லாமே அறிகுறிகள். கடைசியாகச் சொன்னது, தரை சுடுகிறது என்பதற்கான அடையாளம். சாப்பிடாமல் இருப்பதை மட்டும் வைத்து பயப்பட வேண்டாம். தேளால் பல வாரங்கள் பட்டினி கிடக்க முடியும். சட்டை உரிப்பதற்கு முன்பும் அது சாப்பிடாது.

கடலோர வீட்டில் என்ன சிக்கல்?

மரக்காணம் முதல் சென்னை வரையிலான கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல்தான். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் உப்பு எடுக்கும் வேலையே நின்றுபோகிறது. உப்பே காயாத காற்றில் தேளின் தொட்டி மட்டும் எப்படிக் காயும்? ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், நுண்ணிய உண்ணிகள் பெருகும், இளம் தேள்கள் சட்டை உரிப்பதிலும் சிக்கல் வரும்.

இதற்குச் செலவில்லாத தீர்வு காற்றோட்டம். மேல்மூடியில் மட்டுமல்லாமல், எதிரெதிர்ப் பக்கங்களிலும் உலோக வலை இருந்தால் ஈரம் தங்காது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றும் அவசியம். மழைக்காலத்தில் அறையில் ஏசியை 'டிரை' மோடில் போடலாம். ஈரமான மண்ணை உடனே மாற்ற வேண்டும்.

தொட்டி எப்படி இருக்க வேண்டும்?

உயரத்தைவிட மண்ணின் ஆழம்தான் முக்கியம். குறைந்தது 15 முதல் 20 செ.மீ. வேண்டும். வெறும் மணலில் வளை நிற்காது, சரிந்துவிடும். கழுவிய ஆற்று மணலோடு களிமண் கலந்து, லேசாக நனைத்து, அழுத்தி நிரப்பி, விரலால் ஒரு வளைக்குத் தொடக்கம் போட்டு, முழுக்கக் காயவிட வேண்டும். அதன் பிறகே தேளை விட வேண்டும். கடற்கரை மணலும் உப்பளத்து மண்ணும் வேண்டாம். இரண்டிலும் உப்பு இருக்கிறது.

கல் வைப்பதானால் தொட்டியின் அடித்தளத்தில் ஊன்றி வைத்து, அதைச் சுற்றி மண் நிரப்புங்கள். மண்ணின் மேல் வைத்தால், அடியில் வளை தோண்டும் தேள் நசுங்கிவிடும்.

ஹீட் மேட் பயன்படுத்தினால் அடியில் ஒட்டக் கூடாது. பாலைவனத்தில் சூடு மேலிருந்து வரும். தப்பிக்கத் தேள் கீழே தோண்டும். அடியில் ஹீட்டர் இருந்தால் அது சூட்டை நோக்கியே தோண்டிப் போகும். பக்கவாட்டில், ஒரு ஓரத்தில் மட்டும், தெர்மோஸ்டாட்டோடு வைப்பதே சரி. நம் ஊர் கோடையில் அதுவும் தேவைப்படாது.

ஒரு தொட்டிக்கு ஒரு தேள். இரண்டாவது தேள் அதற்குத் துணையல்ல, இரை. கண்ணாடியில் ஏறத் தெரியாவிட்டாலும், மூலையில் உள்ள சிலிகான் பட்டையைப் பிடித்து ஏறிவிடும். அதனால் மூடிக்குப் பூட்டு வேண்டும்.

இதையெல்லாம் செய்யாதீங்க

கொசுவர்த்தி, லிக்விட் கொசுவிரட்டி, கரப்பான் ஸ்பிரே, எறும்பு சாக்பீஸ் எதுவும் அந்த அறையில் கூடாது. பூச்சியைக் கொல்வது தேளையும் கொல்லும். புற ஊதா டார்ச் அடித்தால் தேள் பச்சை கலந்த நீலத்தில் ஒளிரும், வீடியோவுக்கு சூப்பர்தான். ஆனால் அந்த வெளிச்சம் அதற்குத் தொந்தரவு. எப்போதாவது சில நொடிகள் போதும். கையில் எடுப்பது அறவே வேண்டாம். தேள் பழகுவதில்லை, பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

வாரத்துக்கு ஓர் இரைப்பூச்சி போதும். சாப்பிடாததை மறுநாளே எடுத்துவிட வேண்டும். சட்டை உரித்த தேளின் உடல் மென்மையாக இருக்கும். பசியோடு இருக்கும் வெட்டுக்கிளியே அதைக் கடித்துவிடலாம்.

வாங்குவதற்கு முன்…

2021 ஜூலையில் போலந்திலிருந்து சென்னைக்கு வந்த தபால் பார்சலைச் சுங்கத் துறையினர் பிரித்தபோது, சின்னச் சின்னக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. உரிய இறக்குமதி அனுமதி இல்லாததால் பறிமுதல் செய்யப்பட்டன. தேளுக்கும் இதே கதைதான். வெளிநாட்டு உயிரினங்களை உரிமமும் சுகாதாரச் சான்றும் இல்லாமல் கொண்டுவர முடியாது. ஆப்பிரிக்காவின் எம்பரர் தேள் போல, சர்வதேச 'சைட்டிஸ்' பட்டியலில் உள்ளவற்றை வைத்திருந்தால் மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவும் செய்ய வேண்டும்.

அப்போ, நம்ம ஊர்த் தேளைப் பிடித்து வளர்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். தமிழகத்தில் உள்ள இந்தியச் செந்தேள், உலகின் ஆபத்தான தேள்களில் ஒன்று. பார்க்க மிரட்டும் கருப்பு நட்டுவாக்காலியைவிட, மெலிந்த இடுக்கிகள் கொண்ட இந்தச் சின்னத் தேள்தான் குழந்தைகளின் இதயத்தைத் தாக்கும். மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவஸ்கர், 1980-களில் 'பிரசோசின்' மாத்திரையைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே இறப்புகள் பெருமளவு குறைந்தன. அவருக்கு 2022-ல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

தேள் கொட்டினால் கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அதிக வியர்வை, வாந்தி, கை கால் சில்லிடுவது தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மரக்காணம் பகுதி மக்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆழமான காய்ந்த மண், காற்றோட்டம், இருட்டு, அமைதி. ஒரு பாலைவனத் தேள் கேட்பது இவ்வளவுதான். பதிலுக்கு அது கொஞ்சாது, கூப்பிட்டால் வராது, பல நாள் கண்ணிலேயே படாது. வாரக்கணக்கில் வெறும் மண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை உண்டா என்று யோசித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.