மாறாத கேள்வியும் மாறும் மக்களும்

மக்களாட்சி என்பது மக்களின் கருத்தால் நடைபெறும் ஆட்சி. ஆனால் அந்தக் கருத்து யாது, அது எவ்வாறு உருவாகிறது, ஏன் மாறுகிறது என்னும் வினாக்களுக்கு வாக்குப் பெட்டி விடை கூறுவதில்லை. எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு என்பதை மட்டுமே அது கூறும். சீட்டைப் போட்டவர் தொழிலாளியா முதலாளியா, எதை எண்ணிப் போட்டார், சென்ற தேர்தலில் யாருக்குப் போட்டார் என்பவை அதில் காணப்படா. காணப்படலாகாது என்பதே மறைவாக்கு முறையின் நோக்கம். ஆதலின், மக்களின் மனத்தை அறிய விரும்புவோர் அவர்களிடமே சென்று கேட்டல் வேண்டும். இவ்வாறு கேட்டு எழுதும் பணியை எழுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வரும் முயற்சி ஒன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் உண்டு. அதுவே அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வு என்பது.

இலட்சங்கள் தந்த பொய்க் கணிப்பு

எத்தனை பேரைக் கேட்பது, யாரைக் கேட்பது என்பவையே இத்துறையின் முதற் சிக்கல்கள். 1936ஆம் ஆண்டு அதிபர் தேர்தலின்போது ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் வார இதழ் ஒரு கோடிக்கு மேற்பட்ட சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டவை நிரப்பப்பெற்றுத் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிய இதழ், குடியரசுக் கட்சியின் லாண்டன் வெல்வார் என அறிவித்தது. நடந்ததோ வேறு. அன்றிருந்த 48 மாநிலங்களில் 46இல் ரூஸ்வெல்ட் வெற்றி பெற்றார்.

இதற்குக் காரணம் யாது? தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் ஆகியோரின் பட்டியல்களிலிருந்தே பெரும்பாலும் முகவரிகள் எடுக்கப்பெற்றன. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய அக்காலத்தில் ஏழை மக்களிடம் இவ்விரண்டும் இல்லை. மேலும், சீட்டைத் திருப்பி அனுப்பியோரும் அனுப்பாதோரும் ஒரே மனப்போக்கு உடையவர் அல்லர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மையே. எனினும், பானையின் மேற்புறத்தை மட்டும் பிடியளவு அள்ளிப் பார்த்தாலும் அடியில் உள்ளது வெந்ததா என்பது தெரியாது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இரண்டாம் பாடம் கிடைத்தது. 1948ஆம் ஆண்டுத் தேர்தலில் டியூயி வெல்வார் எனக் கணிப்பாளர் பலரும் உறுதியாகக் கூறினர். சிலர் தேர்தலுக்குப் பல வாரங்கள் முன்னரே கேட்பதை நிறுத்திவிட்டனர். ஆண்கள் இத்தனை பேர், பெண்கள் இத்தனை பேர் எனக் கணக்கு மட்டும் வகுத்து, ஆட்களைத் தெரிந்தெடுக்கும் உரிமையைப் பேட்டி காண்பவரிடமே விட்டனர். அவரோ அணுகுவதற்கு எளியவர்களையே அணுகினார். முடிவில் வென்றவர் ட்ரூமன்.

662 பேரின் துணை

அதே ஆண்டு அக்டோபரில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தின் கருத்தாய்வு நிலையம் வெளிநாட்டுக் கொள்கை பற்றி மக்களிடம் ஒரு சிற்றாய்வு நடத்தியது. யாருக்கு வாக்களிக்கப் போகிறீர்கள் என்பதும் அதில் ஒரு கேள்வியாக இருந்தது. தேர்தல் கணிப்புகள் பொய்த்ததும், ஆங்கஸ் கேம்பலும் ராபர்ட் கானும் அதே மக்களிடம் ஆட்களை மீண்டும் அனுப்பினர். முன்னும் பின்னுமாக விடை கூறியவர்கள் 662 பேர். இருபது இலட்சம் சீட்டுகள் தராத விளக்கத்தை இந்தச் சிறு கூட்டம் தந்தது. இறுதி வாரங்களில் முடிவு செய்தோர் பலர், அவர்களுள் மிகுதியானோர் ட்ரூமன் பக்கம் சாய்ந்தனர் என்பது புலனாயிற்று.

இதன் சிறப்பு தெரிந்தெடுத்த முறையில் இருந்தது. நாடு பல பகுதிகளாகப் பிரிக்கப்பெற்றுச் சில பகுதிகள் குலுக்கல் முறையில் எடுக்கப்பெறும். அவற்றுள் சில தெருக்கள், தெருக்களுள் சில வீடுகள் என அம்முறையே தொடரும். வீட்டில் யாரைக் கேட்பது என்பதைக்கூடப் பேட்டி காண்பவர் முடிவு செய்தல் இயலாது. அந்நிலையத்தைச் சார்ந்த லெஸ்லி கிஷ் 1949இல் வெளியிட்ட அட்டவணை முறை அதனை முன்கூட்டியே வரையறுத்துவிடும். கதவைத் திறந்தவர் விரும்பினாலும், அட்டவணை சுட்டியவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதே.

1952 முதல் இம்முறை நாடு தழுவிய பேராய்வாக வளர்ந்தது. அதிபர் தேர்தலுக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் வீடு தேடிச் சென்று விரிவாகக் கேட்டனர். விடைகள் பல சொன்னவாறே எழுதப்பெற்றன. 1962ஆம் ஆண்டு வாரன் மில்லரின் முயற்சியால் பல்கலைக் கழகங்களின் கூட்டமைப்பு ஒன்று தோன்றி, திரட்டிய விடைகளை எல்லா ஆய்வாளர்க்கும் கிடைக்கச் செய்தது. 1977 முதல் தேசிய அறிவியல் நிதியகம் இப்பணிக்குத் தொடர்ந்து உதவலாயிற்று.

வாக்காளர் அறிவிலிகளா?

1952, 1956 ஆகிய தேர்தல்களில் கிடைத்த விடைகளைக் கொண்டு கேம்பல், பிலிப் கான்வர்ஸ், வாரன் மில்லர், டொனால்ட் ஸ்டோக்ஸ் ஆகிய நால்வரும் 1960இல் ‘அமெரிக்க வாக்காளர்’ என்னும் நூலை வெளியிட்டனர். மக்களுட் பெரும்பாலோர் இளமையிலேயே பெற்றோரிடமிருந்து ஒரு கட்சிப் பற்றைப் பெறுகின்றனர், அப்பற்றே பின்னர் எதையும் நோக்கும் கண்ணாடியாக அமைகிறது என்பது அந்நூலின் முடிபு.

இதனினும் வியப்பளித்தது மற்றொன்று. இரு கட்சிகளிலும் உங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று கேட்டு, விடைகளை வகைப்படுத்தினர். அரசியற் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டு விடை கூறியோர் நூற்றுக்கு இரண்டரைப் பேரே. கோட்பாட்டைத் தொட்டும் தொடாமலும் பேசியோர் 9 பேர். உழவருக்கு நல்லது, தொழிலாளிக்கு நல்லது எனத் தம் கூட்டத்தின் நலனை நோக்கியோர் 42 பேர். காலம் நல்லதா கெட்டதா என்பதை மட்டும் கண்டோர் 24 பேர். எஞ்சிய இருபத்திரண்டரைப் பேரின் விடைகளில் நாட்டுப் பிரச்சினை எதுவுமே இல்லை.

கான்வர்ஸ் 1964இல் மேலும் ஒரு படி சென்றார். 1956, 1958, 1960 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஒரே மனிதர்களிடம் ஒரே கேள்விகள் கேட்கப்பெற்றிருந்தன. மின்சாரம், வீட்டு வசதி போன்றவற்றைத் தனியார் வணிகரிடமே அரசாங்கம் விட்டுவிட வேண்டுமா என்பது அவற்றுள் ஒன்று. ஆம் என்றவர் அடுத்த முறை இல்லை என்றார். இல்லை என்றவர் ஆம் என்றார். பலர் உண்மையான கருத்து எதுவும் இன்றி, நாணயத்தைச் சுண்டினாற்போல விடை கூறினர் என்பது அவர் முடிபு. அதே மனிதர்களின் கட்சிப் பற்றோ மிகச் சிறிதே மாறியது.

இது மக்களாட்சியின் அடித்தளத்தையே தொடும் செய்தி அன்றோ? எதிர்ப்பும் எழுந்தது. வி. ஓ. கீ என்னும் அறிஞர், கட்சி மாறி வாக்களிப்போர் தக்க காரணத்துடனேயே மாறுகின்றனர் எனக் காட்ட முனைந்தார். அவர் மறைந்த பின் 1966இல் அந்நூல் வெளிவந்தது. கிறிஸ்டபர் ஏக்கன் 1975இல் வேறொரு விளக்கம் தந்தார். விடை தடுமாறியமைக்கு மக்களின் மனத்தை மட்டும் குறை கூறலாகாது, தெளிவற்ற கேள்வியே பெருங் காரணமாகலாம் என்றார்.

கேள்வியை மாற்றியதால் வந்த குழப்பம்

கேள்வியின் ஆற்றலை உணர்த்தும் நிகழ்ச்சி அடுத்து வந்தது. 1976இல் நார்மன் நை, சிட்னி வெர்பா, ஜான் பெட்ரோசிக் ஆகியோர் ‘மாறிவரும் அமெரிக்க வாக்காளர்’ என்னும் நூலை வெளியிட்டனர். 1964 முதல் மக்களின் கருத்துகள் ஒன்றோடொன்று இயைந்து நிற்கின்றன, ஐம்பதுகளின் வாக்காளர் வேறு, அறுபதுகளின் வாக்காளர் வேறு என்றனர். கறுப்பினத்தாரின் உரிமைப் போராட்டமும் கொள்கை வேறுபாடு கூர்மையான தேர்தலும் மக்களை விழிப்படையச் செய்தன என்னும் விளக்கம் ஏற்புடையதாகவே தோன்றியது.

ஆனால் அதே 1964இல்தான் கேள்விகளின் அமைப்பும் மாற்றப்பெற்றிருந்தது. முன்னர், குறைந்த செலவில் மருத்துவ வசதி கிடைக்க அரசாங்கம் உதவ வேண்டும் என்பது போன்ற ஒரு கூற்றைச் சொல்லி, ஏற்கிறீர்களா மறுக்கிறீர்களா என்பர். பின்னரோ, உதவ வேண்டும் என்பார் சிலர், தலையிடலாகாது என்பார் சிலர், உங்கள் பக்கம் எது என இரு தரப்பையும் எடுத்துரைத்துக் கேட்டனர். ஒரு கூற்றை மட்டும் சொன்னால், எதற்கும் ஆம் என்று தலையாட்டிவிடுதல் மனித இயல்பு. இரு தரப்பையும் முன்வைத்தால் சிந்தித்தே தீர வேண்டும்.

சல்லிவன், பியர்சன், மார்கஸ் ஆகிய மூவர், மக்களை இரு கூறாக்கி, ஒரு கூறினரிடம் பழைய அமைப்பிலும் மறு கூறினரிடம் புதிய அமைப்பிலும் ஒரே காலத்தில் கேட்டனர். 1978இல் முடிவை வெளியிட்டனர். பழைய கேள்விக்கு ஐம்பதுகளின் வாக்காளரைப் போன்றும், புதிய கேள்விக்கு அறுபதுகளின் வாக்காளரைப் போன்றும் மக்கள் விடையளித்தனர். மாற்றம் எனக் கருதப்பெற்றதில் பெரும் பகுதி மக்களிடம் நிகழ்ந்ததன்று, கேள்வித் தாளில் நிகழ்ந்தது என்பது தெளிவாயிற்று.

நீண்ட அளவுகோல்

கேள்வி மாறாதவிடத்து இவ்வாய்வு காட்டும் காட்சி வேறு எங்கும் கிடைப்பதரிது. வாஷிங்டனில் உள்ள அரசாங்கம் நேர்மையாக நடக்கும் என எந்த அளவு நம்புகிறீர்கள் என்னும் கேள்வி 1958 முதல் கேட்கப்படுகிறது. எப்போதும் அல்லது பெரும்பாலும் நம்புவதாகச் சொன்னோர் 1958இலும் 1964இலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர். வியட்நாம் போரும் வாட்டர்கேட் ஊழலும் நிகழ்ந்தபின் 1974இல் அவர்கள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் குறைந்தனர். 1980இல் நான்கில் ஒரு பங்கே எஞ்சியது.

தென் மாநிலங்களின் கதையும் அத்தகையதே. ஐம்பதுகளில் அங்குள்ள வெள்ளையருட் பெரும்பாலோர் தம்மை ஜனநாயகக் கட்சியினர் என்றனர். 1964ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டமும் வந்தபின் அதிபர் தேர்தலில் அவர்களின் வாக்கு விரைந்து இடம் மாறியது. ஆனால் கட்சிப் பெயரைக் கைவிட ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது.

மற்றொரு கருவி 1964இல் புகுத்தப்பெற்ற உணர்ச்சி வெப்பமானி. வெறுப்புக்குப் பூச்சியம் பாகை, பேரன்புக்கு 100 பாகை என மக்களே மதிப்பிட வேண்டும். எதிர்க்கட்சிக்கு மக்கள் அளித்த மதிப்பு 1978இல் சராசரியாக 50 பாகைக்கு அருகில் இருந்தது. 2020இல் அது 20 பாகையை ஒட்டி இறங்கிவிட்டது. தத்தம் கட்சியின்பால் உள்ள அன்போ இந்த அளவு மாறவில்லை. பகைமையே வளர்ந்துள்ளது.

குறைகளும் உள

வாக்களித்தேன் என்று சொல்வோர் தொகை மெய்யாக வாக்களித்தோர் தொகையினும் மிகுதியாகவே வருகிறது. 1964இலும் பின்னர்ப் பல தேர்தல்களிலும் அரசாங்கப் பதிவேடுகளுடன் ஒப்பிட்டபோது, வாக்களிக்காமலே வாக்களித்ததாகக் கூறியோர் பலர் எனத் தெரிந்தது. கடமையில் தவறியதை ஒப்புக்கொள்ள நாணுதல் எந்நாட்டு மக்களுக்கும் இயல்பு. முன்னாளில் கதவைத் திறந்து விடை கூற இசைந்தோரைப் போல் இந்நாளில் இசைவோர் இல்லை என்பதும் பெருங் குறை. 2020ஆம் ஆண்டுத் தேர்தலின்போது கொள்ளை நோய் காரணமாக நேரிற் செல்வதே கைவிடப்பெற்று, இணையமும் தொலைபேசியும் காணொளி உரையாடலும் பயன்பட்டன. நேரில் கேட்டுப் பெற்ற பழைய விடையையும் இணையத்திற் பெற்ற புதிய விடையையும் எவ்வாறு ஒப்பிடுவது என்பது இன்றைய ஆய்வாளர் முன் நிற்கும் சிக்கல்.

ஒரு கேள்வியின் சொல்லமைப்பு விடையை எவ்வளவு மாற்றும் என்பதைத் தேர்வுத் தாள் வகுக்கும் ஆசிரியர் நன்கு அறிவர். சென்ற ஆண்டு மாணவரையும் இவ்வாண்டு மாணவரையும் ஒப்பிட வேண்டுமாயின் தாளின் கடுமை மாறாதிருத்தல் வேண்டும். அமெரிக்க வாக்காளர் ஆராய்ச்சியும் இதனையே பெரிய அளவில் காட்டுகிறது. மக்கள் மாறிவிட்டனர் என்று கூறுமுன், அவர்களிடம் கேட்ட கேள்வி மாறாதிருந்ததா என ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராய இயல்வது, சலிப்புத் தட்டும் அளவுக்கு ஒரே கேள்வியை ஒரே சொற்களில் பல்லாண்டுகள் கேட்டு எழுதிவைத்தவர்கள் இருந்தமையாலேயே ஆகும்.